குளத்துக்கு வரவேண்டிய தண்ணீர் எங்கே போகிறது?

யாழ்ப்பாணத்தில் கோடை முற்றியதும் எங்காவது ஓர் ஊரில் குளத்துக்குள் பெக்கோ இறங்கும். சேற்றை அள்ளிக் குளக்கட்டின் மேல் போடுவார்கள், கரையைச் செப்பனிடுவார்கள், வெளிநாட்டில் இருக்கும் ஊரவர்கள் காசு அனுப்புவார்கள். நல்ல மனதோடு செய்கிற நல்ல வேலை. ஆனால் மாரி முடிந்து போய்ப் பார்த்தால் சில குளங்களில் கால் நனையத்தான் தண்ணீர் நிற்கும். அதே மழைக்குப் பக்கத்து ஒழுங்கையில் முழங்காலளவு வெள்ளம் நின்றிருக்கும். தாழ்ந்த வளவுகளில் கிணற்றுக் கட்டைத் தாண்டி அழுக்குத் தண்ணீர் உள்ளே இறங்கியிருக்கும். மழை பொய்க்கவில்லை. குளத்தின் ஆழமும் கூடித்தான் இருக்கிறது. பிறகு தண்ணீர் எங்கே போனது?

இதற்கு விடை குளத்துக்குள் கிடைக்காது. குளத்தைச் சுற்றியுள்ள காணிகளுக்குள் தேட வேண்டும். வயலாக இருந்தது வீடாகிறது, பற்றையாக இருந்தது தோட்டமாகிறது, காடாக இருந்தது வெளியாகிறது, மண் ஒழுங்கை கொங்கிறீற்று வீதியாகிறது. நிலத்தின் பயன்பாடு இப்படி மாறும் ஒவ்வொரு தடவையும் குளத்துக்கு வரும் தண்ணீரின் அளவு மாறும். அது வந்து சேரும் வேகமும் அது சுமந்து வரும் பொருளும் கூடவே மாறும். எவ்வளவு வருகிறது, எப்போது வருகிறது, எதைக் கொண்டு வருகிறது என்ற மூன்று கேள்விகளையும் கையில் வைத்துக்கொண்டால் இந்த விடயம் முழுவதும் விளங்கிவிடும்.

முதலில் ஒரு சொல்லைத் தெரிந்துகொள்வோம். ஒரு குளத்தை நோக்கிச் சரிந்திருக்கும் நிலம் முழுவதையும் அந்தக் குளத்தின் நீரேந்து பரப்பு என்பார்கள். ஓட்டு வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். கூரையில் விழும் மழை பீலிக்கு வந்து, பீலியால் பீப்பாய்க்குள் இறங்குகிறது. பீப்பாய் குளம், பீலி வாய்க்கால், கூரைதான் நீரேந்து பரப்பு. கூரை உடைந்தாலோ பீலி அடைத்தாலோ பெரிய பீப்பாய் வாங்கி வைத்துப் பயனில்லை. எங்கள் ஊர்களில் நடப்பது பெரும்பாலும் இதுதான். எல்லோரும் பீப்பாயைத் திருத்துகிறோம்.

யாழ்ப்பாணத்தில் இந்தக் கூரையைக் கண்ணால் காண்பது கடினம். மலையகம் என்றால் ஒரு மலை முகட்டில் நின்று இந்தப் பக்கத்துத் தண்ணீர் இந்த ஆற்றுக்கு, அந்தப் பக்கத்துத் தண்ணீர் அந்த ஆற்றுக்கு என்று கை நீட்டிக் காட்டலாம். குடாநாடு தட்டையான நிலம். ஒரு முழம், இரண்டு முழம் உயர வித்தியாசத்தில் தண்ணீரின் திசை தீர்மானமாகிவிடும். ஆகவே இங்கே ஒரு மதில், ஓரடி உயர்த்திய வீதி, இரண்டு லோட் மண் கொட்டி நிரவிய ஒரு பள்ளக்காணி போதும், ஒரு குளத்தின் நீரேந்து பரப்பில் பாதியைத் துண்டித்துவிட.

நாலு பரப்பு வளவில் ஒரு மழை

பரப்பு என்பது எங்கள் ஊர்க் காணி அளவு, ஏறத்தாழ 16 பரப்பு ஓர் ஏக்கர். அப்படியென்றால் நாலு பரப்பு வளவு கால் ஏக்கர், ஆயிரம் சதுர மீற்றருக்குச் சற்று மேல். அதில் ஒரு மில்லிமீற்றர் மழை பெய்தால் விழும் தண்ணீர் ஏறத்தாழ ஆயிரம் லீற்றர். வீட்டுக் கூரைக்கு மேல் வைத்திருக்கிறோமே, அந்தக் கறுப்புத் தாங்கி ஒன்று நிறையும். கார்த்திகையில் ஒரு நாளில் 50 மில்லிமீற்றர் மழை பெய்வது இங்கே புதினமில்லை. அன்றைக்கு அந்த ஒரு வளவுக்குள் மட்டும் 50 தாங்கித் தண்ணீர் விழுகிறது.

அந்த 50 தாங்கியும் எங்கே போகும்? கொஞ்சம் இலைகளில் தங்கி வெயிலோடு ஆவியாகும். கொஞ்சம் மண்ணுக்குள் இறங்கும். இறங்கியதில் ஒரு பங்கைத் தென்னையும் மாவும் முருங்கையும் உறிஞ்சி எடுக்கும், மீதி இன்னும் கீழே போய் நிலத்தடி நீரோடு சேரும். மண் குடித்து முடிக்காத தண்ணீர்தான் மேலால் ஓடும். பொறியியலாளர்கள் இதற்குப் பழக்கத்தில் உள்ள சில விகிதங்களை வைத்திருக்கிறார்கள். சமதரையான மணற்பாங்கான புல்நிலத்தில் விழும் மழையில் நூற்றுக்கு 5 முதல் 10 பங்குதான் மேலால் ஓடும். தார், கொங்கிறீற்று, கூரை என்றால் 70 முதல் 95 பங்கு வரை ஓடிவிடும்.

பழைய வளவில் வீடு சிறிது, முற்றம் மண், பின்பக்கம் கோடி, அதற்கப்பால் வாழையும் தென்னையும். கூரையால் வடிவதும் முற்றத்து மண்ணிலேயே இறங்கிவிடும். 50 தாங்கியில் மூன்று அல்லது ஐந்து தாங்கி படலை தாண்டிப் போகும். இப்போது அதே வளவில் பாதியைக் கூரையும், கார் விடுவதற்குப் போட்ட சீமெந்துத் தரையும், முற்றத்துக் கல்லும் மூடிவிட்டதாக வைத்துக்கொள்வோம். மூடிய பாதியில் விழும் 25 தாங்கியில் இருபதுக்கு மேல் ஓடும், மற்றப் பாதியிலிருந்து இரண்டு. கூட்டினால் 22, 23 தாங்கி. முன்பு ஓடியதைப்போல ஐந்து மடங்கு. அந்த ஒழுங்கையில் இப்படி இருபது வளவுகள் இருந்தால் வெள்ளம் ஏன் நிற்கிறது என்று வேறு யாரிடமும் கேட்கத் தேவையில்லை.

இந்த இடத்தில் கவனமான வாசகர் ஒரு கேள்வி கேட்பார்: அப்படியென்றால் குளத்துக்குத் தண்ணீர் கூடத்தானே வேண்டும்? நியாயமான கேள்வி. மூடிய நிலம் கூடினால் மேலால் ஓடும் தண்ணீர் கூடும் என்பது உண்மைதான். ஆனால் ஓடும் தண்ணீர் எல்லாம் குளத்துக்கு வருவதில்லை. வருவதும் வரவேண்டிய விதத்தில் வருவதில்லை.

மதிலும் மதகும்

முன்பு எங்கள் எல்லைகள் கதியால் வேலிகள். பூவரசு, கிளுவை, முள்முருக்கு. மேலே கிடுகோ பனையோலையோ அடைத்தாலும் அடியால் தண்ணீர் போகும். ஒரு வளவில் மிஞ்சியது அடுத்த வளவுக்கு, அங்கிருந்து வயலுக்கு, வயல் வரம்பால் வழிந்து வாய்க்காலுக்கு என்று மெல்ல மெல்ல நடந்து குளத்துக்கு வந்தது. வழியெல்லாம் குப்பையும் வண்டலும் வேர்களில் வடிபட்டன.

கதியால் போய் மதில் வந்தது. மதிலுக்கு அத்திவாரம் உண்டு, அடியால் தண்ணீர் போகாது. வளவுக்குள் வெள்ளம் நின்றால் வீட்டுக்காரர் என்ன செய்வார்? படலையடியால் வீதிக்கு விடுவார். வீதியோ ஒவ்வொரு தடவை திருத்தும்போதும் உயர்ந்துகொண்டு போகிறது. வீதிக்குக் குறுக்கே தண்ணீர் கடந்து போவதற்காக அன்றைக்கு வைத்த மதகுகள் மண்மூடிக் கிடக்கின்றன. மதகின் மேல் இருந்து கதைபேசி வளர்ந்தவர்கள் நாங்கள், அதன் கீழே எட்டிப் பார்த்தவர்கள் குறைவு. எட்டிப் பார்த்தால் பிளாஸ்டிக் போத்தல், கட்டட இடிபாடு, குரும்பட்டி, பக்கத்துக் கடையின் கழிவு. மதகின் மறுபக்கம் இருந்த பள்ளக்காணியை யாரோ மண் போட்டு நிரவி வீட்டுக்கு அத்திவாரம் வெட்டியிருப்பார்கள். சட்டப்படி அது அவருடைய காணி. தண்ணீரின் கணக்கில் அது வாய்க்கால்.

கடைசியில் நகரத்துத் தண்ணீருக்கு இருக்கும் வழி வீதியோரக் கொங்கிறீற்று வாய்க்கால் ஒன்றுதான். அது வேகமாகக் கடலேரிக்குக் கொண்டுபோய்க் கொட்டிவிடும். ஆரியகுளம், புல்லுக்குளம், நாயன்மார்கட்டுக் குளம் போன்ற நகரக் குளங்களை எங்கள் முன்னோர் ஒன்றோடொன்று தொடர்பில்லாத தனிக் குழிகளாக வைத்திருக்கவில்லை. ஒன்று நிறைந்தால் அடுத்ததற்கு, அது நிறைந்தால் கடலுக்கு என்று தொடர்ச்சி இருந்தது. அந்தத் தொடர்ச்சி அறுந்த பிறகு ஒவ்வொரு குளமும் தன் தலைக்கு மேல் விழும் மழையையும், பக்கத்து வாய்க்கால் கொண்டுவரும் கழிவையும்தான் நம்பியிருக்கிறது. 2008இல் நிஷா புயலும் 2020இல் புரெவியும் வந்தபோது நகரம் தண்ணீருக்குள் கிடந்ததைப் பார்த்தோம். புயல் மழை அசாதாரணமானதுதான். ஆனால் மழை விட்ட பிறகும் தண்ணீர் வடிய அத்தனை நாள் எடுத்ததற்குப் புயல் மட்டும் காரணமில்லை.

எங்கள் பெரிய நீர்த்தேக்கம் நிலத்துக்குள்

குடாநாட்டில் வற்றாத ஆறு கிடையாது. ஆண்டுக்கு ஏறத்தாழ 1200, 1300 மில்லிமீற்றர் மழை, அதில் பெரும்பங்கு ஐப்பசி முதல் மார்கழி வரையிலான மூன்று மாதத்துக்குள். மீதி நாட்களில் நாம் குடிப்பதும் குளிப்பதும் வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் இறைப்பதும் எங்கிருந்து வருகிறது? கிணற்றிலிருந்து. கிணற்றுக்கு எங்கிருந்து வருகிறது? எங்கள் காலடியில் இருக்கும் சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளிலும் பொந்துகளிலும் சேர்ந்து நிற்கும் மழைநீரிலிருந்து. கிளிநொச்சிக்கு இரணைமடுக் குளம் இருப்பதைப்போல யாழ்ப்பாணத்துக்கும் ஒரு பெரிய நீர்த்தேக்கம் இருக்கிறது என்றால் அது இதுதான். ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிறு குளங்களும் கேணிகளும் துரவுகளும் அந்தத் தேக்கத்துக்கான வாசல்கள். இதை விளங்கிக்கொள்ளாமல் யாழ்ப்பாணத்தில் குளத்தைப் பற்றிப் பேசுவதில் பொருளில்லை.

நாலு பக்கமும் கடலும் கடலேரியும் இருப்பதால் நிலத்துக்கடியில் ஆழத்தில் உப்புநீர் இருக்கிறது. மழைநீர் கடல்நீரைவிடப் பாரம் குறைந்தது, ஆகவே அதன் மேல் மிதந்து நிற்கிறது. நடுவில் தடித்தும் கடற்கரையை நோக்கி மெலிந்தும் இருப்பதால் இதை நன்னீர் வில்லை என்பார்கள். வலிகாமத்தில் பெரியது ஒன்று, தென்மராட்சி, வடமராட்சி, தீவுப்பகுதி என்று மற்றவை. புத்தூர்ப் பக்கம் உள்ள நிலாவரைக் கிணற்றில் மேலே நல்ல தண்ணீர், ஆழத்துக்குப் போகப் போக உப்பு. பாடப்புத்தகம் இல்லாமலே இதைக் காட்டும் இடம் அது.

19ஆம் நூற்றாண்டின் இறுதியையொட்டிக் கைபன், ஹேர்ஸ்பேர்க் என்ற இரண்டு ஐரோப்பியர்கள் தனித்தனியே கண்டுபிடித்த ஒரு கணக்கு இங்கே மிகவும் முக்கியம். நன்னீரின் மட்டம் கடல் மட்டத்துக்கு மேல் ஓரடி நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 அடிக்கு நன்னீர் இருக்கும். கல்லின் தன்மையைப் பொறுத்து இது கொஞ்சம் கூடலாம், குறையலாம். ஆனால் கணக்கின் மறுபக்கத்தை யோசித்துப் பாருங்கள். மேலே நன்னீர் மட்டம் ஓரடி குறைந்தால், காலப்போக்கில் கீழிருந்து உப்பு 40 அடி மேலே வரும்.

இப்போது அந்த நாலு பரப்பு வளவுக்குத் திரும்பிப் போவோம். மூன்று, ஐந்து தாங்கி ஓடிய இடத்தில் 22 தாங்கி ஓடினால், அந்த வித்தியாசம் முழுவதும் நிலத்துக்குள் இறங்கியிருக்க வேண்டிய தண்ணீர். அது குளத்துக்குப் போய் நின்றிருந்தால் குளத்தின் அடியாலாவது கொஞ்சம் கல்லுக்குள் இறங்கியிருக்கும். கடலுக்குப் போய்விட்டது. அதே வேளை துலாவால் இறைத்த காலம் போய் மின்மோட்டரால் இறைக்கிறோம், எடுப்பது கூடிவிட்டது. வரவு குறைந்து செலவு கூடுகிறது. வேலணையிலும் அராலியிலும் புங்குடுதீவிலும் கிணறு உவர்த்துப்போன வீட்டுக்காரரிடம் இதை விளங்கப்படுத்த வேண்டிய அவசியமே இல்லை.

வலிகாமத்துச் செம்பாட்டு மண் தண்ணீரை நன்றாகக் கீழே விடும் மண். தோட்டத்துக்கு அது வரம். அதனாலேயே அதன்மேல் என்ன போடுகிறோம் என்பதும் கிணற்றைப் போய்ச் சேரும். அளவுக்கு மிஞ்சிய யூரியாவும், நெருக்கமாகக் கட்டிய வீடுகளின் மலசலகூடக் குழிகளும் சேர்ந்து வலிகாமத்தின் பல கிணறுகளில் நைத்திரேற்றைக் கூட்டியிருக்கின்றன. உலக சுகாதார நிறுவனம் குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைத்திரேற்று கூடாது என்கிறது. அதைத் தாண்டிய தண்ணீரில் பால்மா கரைத்துக் கொடுத்தால் கைக்குழந்தைகளின் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் திறன் குறையலாம். எதைக் கொண்டு வருகிறது என்ற மூன்றாவது கேள்வியை நாம் லேசாக விட்டுவிட முடியாதது இதனால்தான்.

குளத்தைத் தூர்வாருவது பற்றியும் இங்கேயே ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். வண்டலை அகற்றுவது நல்லது, வாசல் திறக்கும். ஆனால் கடலேரிக் கரைக்குக் கிட்ட உள்ள குளத்தை ஆழம் ஆழமாகத் தோண்டிக்கொண்டு போனால் உவர்நீரைத் தொட்டுவிடலாம். வயலுக்குப் பாயும் குளத்தில் அடியில் உள்ள களிப்படையை உடைத்தால் தண்ணீர் நிற்காது. எவ்வளவு தோண்டலாம் என்பதை அந்த மண்ணைத் தெரிந்தவரிடம் கேட்டுத்தான் செய்ய வேண்டும்.

வழுக்கையாறு

ஆறில்லாத குடாநாட்டில் ஆறு என்ற பெயர் தாங்கி ஓடுவது வழுக்கையாறு. தெல்லிப்பழைப் பக்கத்தில் தொடங்கி, கந்தரோடை, சண்டிலிப்பாய் வழியாக வந்து அராலியில் கடலேரியில் சேர்கிறது. மாரியில் மட்டும் ஓடும். வழிநெடுகக் குளங்கள், அவற்றுக்கிடையில் வயல்வெளிகள், தரவைகள். கடைசியில் அராலியில் ஒரு தடுப்பணை, மாரியில் வெள்ளத்தை விடவும் கோடையில் கடலேரி உப்பை மறிக்கவும்.

இந்த ஆற்றின் படுகையைப் பார்த்தால் வயல் என்பது நெல்லுக்கு மட்டும் உரியதில்லை என்று தெரியும். வரம்பு கட்டிய ஒரு வயல் மாரியில் ஒரு சிறு குளம்தான். ஒரு ஏக்கர் வயலில் அரை அடித் தண்ணீர் நின்றால் அது ஆறு இலட்சம் லீற்றருக்கு மேல். வெள்ளத்தை அது பிடித்து வைக்கிறது, மெல்லக் கீழே இறக்குகிறது, மிச்சத்தை அடுத்த வயலுக்குக் கொடுக்கிறது. தரவையும் அப்படித்தான். மாடு மேயும் வெறும் நிலம் என்று நினைத்து அதில் குப்பை கொட்டுகிறோம், பிறகு நிரவுகிறோம், பிறகு வேலி போடுகிறோம். 2009க்குப் பிறகு மக்கள் திரும்பி வந்தார்கள், வீடு வேண்டும், உயரமான காணிக்கு விலை எட்டாது. பள்ளக்காணிதான் மலிவு. வாங்கியவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் வயலை வீட்டுக் காணியாக்கும் ஒவ்வொரு அனுமதியும், அதற்கு மேலேயுள்ள ஊரில் வெள்ளத்தையும் கீழேயுள்ள குளத்தில் வறட்சியையும் ஒரே நேரத்தில் உண்டாக்கக் கூடியது. அனுமதி கொடுக்கும் மேசையில் அந்தப் படுகையின் வரைபடம் விரிந்திருக்க வேண்டும் என்று கேட்பது அதிகமில்லை.

வடக்கே சுண்ணாம்புக்கல் அகழ்ந்து விட்ட குழிகளும் இந்தக் கதையில் சேரும். மேல்மண் போய்க் கல்லும் போய்விட்ட இடத்தில் மழைநீர் வடிபடாமல் நேரே நிலத்தடி நீரில் கலக்கிறது. அந்தக் குழியைக் குப்பையால் நிரப்பினால் குப்பைச் சாறும் அதே வழியால் போகும்.

இரணைமடு: காடு வெட்டினால் தண்ணீர் கூடுமா?

குடாநாட்டுக்கு வெளியே, ஆனையிறவு தாண்டினால் காட்சி மாறும். வவுனியாப் பக்கம் தொடங்கி வடக்கு நோக்கி ஓடிவரும் கனகராயன் ஆற்றை மறித்துக் கட்டியது இரணைமடு. கடந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டிப் பின்னர் பலமுறை உயர்த்தினார்கள், இப்போது 36 அடி வரை தண்ணீர் பிடிக்கும். நீரேந்து பரப்பு ஏறத்தாழ 588 சதுரக் கிலோமீற்றர், குடாநாட்டின் பரப்பில் பாதிக்கு மேல். அதற்குள் காடு, வயல், மீள்குடியேறிய ஊர்கள், ஏ9 வீதி, சின்னச் சின்னக் குளங்கள் எல்லாம் அடக்கம். ஆகவே கிளிநொச்சி விவசாயியின் சிறுபோகம் அவருக்குத் தெரியாத ஒரு வவுனியாக் காட்டோரத்தில் நிர்ணயமாகிறது.

காட்டைப் பற்றி ஒரு பொதுவான நம்பிக்கை உண்டு: மரம் இருந்தால் ஆற்றில் தண்ணீர் கூடும், வெட்டினால் குறையும் என்று. உண்மை கொஞ்சம் சிக்கலானது. உலகின் பல நாடுகளில் பக்கத்துப் பக்கத்து இரண்டு சிறு நீரேந்து பரப்புகளை எடுத்து, ஒன்றில் காட்டை வெட்டி மற்றதை அப்படியே விட்டு, பல ஆண்டுகள் அளந்து பார்த்திருக்கிறார்கள். பெரும்பாலானவற்றில் வெட்டிய பக்கத்தில் ஆண்டு முழுவதுக்குமான நீரோட்டம் கூடியது. காரணம் எளிது. மரம் நிறையத் தண்ணீர் குடிக்கும், அதன் இலைகள் மழையில் ஒரு பங்கைப் பிடித்து ஆவியாக்கும். குடிப்பவர் போனால் மிச்சம் கூடும்.

அப்படியென்றால் காட்டை வெட்டலாமா? நமது மூன்று கேள்விகளில் முதலாவதற்கு மட்டும் விடை கிடைத்திருக்கிறது. எப்போது வருகிறது என்று பாருங்கள். காட்டுத் தரையில் சருகு இருக்கும், புழு பூச்சி துளைத்த மண் இருக்கும், வேர் போன துளைகள் இருக்கும். மழை அதற்குள் இறங்கி நின்று, கிழமைக்கணக்கில் ஆற்றுக்குக் கசியும். காட்டை அழித்து, உழவு இயந்திரமும் மாடும் மிதித்து மண் இறுகிய பிறகு அந்தக் கசிவு குறையும். மழை பெய்த சில மணித்தியாலத்துக்குள் தண்ணீர் முழுக்கத் திரண்டு வரும், பிறகு ஆறு காயும். குளத்துக்கு இது இரண்டு விதத்திலும் கேடு. நிறைந்திருக்கும் குளத்துக்குத் திடீரென்று வரும் தண்ணீரைப் பிடிக்க முடியாது, வான் கதவைத் திறந்துதான் விட வேண்டும். 2018 மார்கழியில் ஓரிரவுக் கனமழையில் இரணைமடு வான் கதவுகள் திறக்கப்பட்டதும் கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பகுதிகள் வெள்ளத்தில் கிடந்ததும் நினைவிருக்கும். அந்த மழைக்கு எந்தக் காடும் முழு விடையாக இருந்திருக்காது. ஆனால் இப்படியான இரவுகளில் கதவருகே நிற்பவருக்குக் கிடைக்கும் நேரம் நீரேந்து பரப்பின் நிலையைப் பொறுத்தது.

எதைக் கொண்டு வருகிறது? மண்ணை. ஒரு சதுரக் கிலோமீற்றர் நிலத்திலிருந்து ஒரு மில்லிமீற்றர் மண் கழுவுண்டால் அது ஆயிரம் கன மீற்றர். ஒரு ஹெக்டேயர் பரப்பும் ஒன்றரை மீற்றர் ஆழமும் உள்ள கிராமத்துக் குளம் பிடிப்பது 15,000 கன மீற்றர். ஆண்டுக்கு ஒரு மில்லிமீற்றர் வீதம் கழுவி, அதில் பாதி குளத்துக்கு வந்தாலும் 30 ஆண்டில் குளம் இல்லை. இரணைமடு போன்ற பெரிய குளம் இந்த வேகத்தில் தூராது, சிறு குளங்கள்தான் முதலில் பலி. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். வண்டல் கட்டடிக்கு வந்து படிவதற்கு முன், ஆறு குளத்துக்குள் நுழையும் வாயிலிலேயே பெரும்பங்கு படிந்துவிடும். குளக்கட்டில் நின்று பார்ப்பவருக்குக் குளம் ஆழமாகத்தான் தெரியும், தண்ணீர் ஏறி இறங்கும் எதிர்ப்பக்க ஓரமான அலைகரையில் அது சுருங்கிக்கொண்டே வரும். தண்ணீர் வற்ற வற்ற அலைகரையை உழுது பயிர் செய்தால் அடுத்த மாரிக்கு அந்த மண் முழுக்கக் குளத்துக்குள்.

கனகராயன் ஆற்றில் மணல் அள்ளுவதையும் சொல்லாமல் விட முடியாது. ஆற்று மணல் தண்ணீரைப் பிடித்து வைத்து மெல்ல விடும் படுக்கை. அதை அள்ளினால் ஆற்றின் அடி தாழும், கரை சரியும், கரையில் நின்ற மருதமரம் விழும், பக்கத்துக் கிணறுகளின் மட்டம் இறங்கும். வீடு கட்ட மணல் வேண்டும் என்பது எனக்கும் தெரியும். குடாநாட்டில் நாம் கட்டும் மதிலுக்கான மணல் வன்னி ஆறுகளிலிருந்து வருகிறது என்பதால், ஒரே மதில் இரண்டு இடத்தில் தண்ணீரை மறிக்கிறது.

எங்கள் நாட்டின் பழைய குளக்காரர்கள் இதையெல்லாம் அறிந்திருந்தார்கள். உலர் வலயத்தில் ஒன்றின் கீழ் ஒன்றாகத் தொடராகக் குளம் கட்டியவர்கள் குளத்தை மட்டும் கட்டவில்லை. குளத்தின் மேற்பக்கம் மரக்கூடல் விட்டார்கள், அதற்கு முன் வண்டலை வடிக்கப் புல்நிலம் விட்டார்கள், அதற்கும் மேலே மண்ணைப் பிடிக்கவும் காட்டு விலங்கு குடிக்கவும் சிறு குழிக்குளம் விட்டார்கள். குளக்கட்டுக்குக் கீழேயும் உப்பை உறிஞ்ச ஒரு மரப்பட்டி இருந்தது. இன்றைக்கு அந்த இடங்கள்தான் யாருக்கும் சொந்தமில்லாத காணி என்று முதலில் அடைபடுகின்றன.

இரணைமடுத் தண்ணீரை யாழ்ப்பாணத்துக்குக் குடிக்கக் கொண்டுவரும் திட்டம் பல ஆண்டுகள் பேசப்பட்டது. எங்கள் வயலுக்கே காணாது என்று கிளிநொச்சி விவசாயிகள் எதிர்த்தார்கள், அவர்கள் பயத்தில் நியாயம் இருந்தது. கடைசியில் தாளையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் அமைந்து 2024இல் திறக்கப்பட்டது, நாளுக்கு 24,000 கன மீற்றர் எடுக்கக் கூடியது. 1954இல் பொறியியலாளர் ஆறுமுகம் முன்வைத்த யோசனை வேறு விதமானது: ஆனையிறவுக் கடலேரியைக் கடலிலிருந்து மறித்து நன்னீராக்கி, முள்ளியான் கால்வாயால் வடமராட்சிக் கடலேரிக்கு விடுவது. அதன் ஒரு பகுதியான தொண்டைமானாற்றுத் தடுப்பணை இருக்கிறது, முழுத்திட்டம் இன்னும் முடியவில்லை. கடல்நீரை நன்னீராக்கினாலும் கடலேரியை மறித்தாலும், வீட்டுக் கிணறுகளுக்கும் தோட்டங்களுக்கும் தேவையான தண்ணீர் எங்கள் நிலத்தில் விழும் மழைதான் என்பதில் மாற்றமில்லை.

அடுத்த மாரிக்கு முன்

இதை வாசித்துவிட்டு ஒன்று செய்யலாம் என்றால், அடுத்த பெருமழைக்குக் குடையோடு வெளியே இறங்குங்கள். உங்கள் ஊர்க் குளத்தின் வாயிலில் தொடங்கித் தண்ணீர் வரும் திசைக்கு எதிராக நடவுங்கள். எந்த மதிலில் முட்டுகிறது, எந்த மதகு அடைத்திருக்கிறது, எந்தக் காணியை நிரவியதால் திரும்பிப் போகிறது என்று கைபேசியில் படம் எடுத்து, ஒரு தாளில் கோடாக வரையுங்கள். வயதானவர்களைக் கேட்டால் பழைய வெள்ளவாய்க்கால் போன பாதையைக் காணிப் பெயரோடு சொல்வார்கள், உறுதிகளிலும் சில இடங்களில் எழுதியிருக்கும். அந்தப் படத்தைக் கிராம சேவையாளரிடமும் பிரதேச சபையிலும் கமநல சேவை நிலையத்திலும் கொடுங்கள். கோடையில் தூர்வாரக் காசு சேர்க்கும்போது அதில் ஒரு பங்கை நீங்கள் வரைந்த அந்தத் தண்ணீர்ப் பாதையைத் திறப்பதற்கு ஒதுக்கச் சொல்லிக் கேளுங்கள்.

வீட்டில் செய்யக் கூடியது இன்னும் எளிது. மதில் கட்டுகிறவர் மேசனிடம் சொல்லி, தண்ணீர் வரும் பக்கத்திலும் போகும் பக்கத்திலும் நிலமட்டத்தில் ஓட்டை விடலாம். முற்றத்துக்கு முழுச் சீமெந்து போடாமல் கார்ச் சில்லு ஓடும் இடத்துக்கு மட்டும் போடலாம். கூரைத் தண்ணீரைப் பீலியால் எடுத்து, முதல் இரண்டு மழையின் அழுக்கை வெளியே விட்டுவிட்டு, மணலும் சல்லியும் இட்ட ஒரு குழிக்குள் இறக்கலாம். அந்தக் குழி மலசலகூடக் குழிக்குப் பக்கத்தில் வேண்டாம், கிணற்றுக்குள் நேரே விடவும் வேண்டாம். மதகுகளைத் துப்புரவாக்குவதைக் கார்த்திகையில் வெள்ளம் வந்த பிறகு தொடங்கினால் மண்வெட்டி இறங்காது. புரட்டாதிக்குள் முடிக்க வேண்டும்.